மேஸ்திரியைத் தாண்டிய பேச்சு

வேலையிடத்தில் எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று கற்றுத்தர இன்று பயிற்சி வகுப்புகள் பல உண்டு. அவை எல்லாமே பேச்சைத் தனி மனிதரின் திறமையாகவே பார்க்கின்றன. சென்னை ஆலைத் தொழிலின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது: பேசியதற்காக வேலை போகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் திறமைக்கு வேலையே இல்லை. பெரம்பூர் வட்டாரத்தில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். வெள்ளைக்கார நிர்வாகத்துக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றவர் மேஸ்திரி. ஆள் சேர்ப்பதிலும் லீவு கிடைப்பதிலும் அபராதம் விழுவதிலும் அவர் கை இருந்தது. உத்தரவு அவர் வழியே கீழே இறங்கியது. புகாரும் அவர் வழியேதான் மேலே ஏற வேண்டும். புகாரே அவரைப் பற்றியது என்றால் அதை யாரிடம் சொல்வது? தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆள் எடுக்கும், நீக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து பிடுங்கி, தொழிலாளர் அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. புகார் ஏறும் வழி எவ்வளவு அடைபட்டிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆலைக்குள் சொல்ல முடியாதது வெளியே பஜனைச் சபையில் வாய் திறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பெரம்பூரில் நடத்திவந்த ஸ்ரீவேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபைக்கு வந்த தொழிலாளர்கள், ஆன்மிகப் பேச்சுக்கு நடுவே தங்கள் பாட்டையும் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவற்றுள் ஒன்று. முதலாளியின் கணக்கில் அற்பம். பசியோடு ஓடிப்போய் ஓடிவருகிறவருக்கு அது அன்றாட அவமானம். இருவரும் அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ நாளிதழ் அலுவலகத்துக்குப் போய், அங்கே பணியாற்றிய பி.பி. வாடியாவைப் பிடித்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், துணைத் தலைவர்களில் ஒருவரான திரு.வி.க., தொழிலாளருக்குப் புரியும் தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார்.

பின்னி ஆலைகள் மோசமான ஆலைகள் அல்ல, பள்ளிக்கூடமும் நலத்திட்டங்களும் வைத்துப் பேர் வாங்கியவை ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் இந்த எடுத்துக்காட்டுக்கு வலு கூடுகிறது. கொடுப்பதற்குத் தயாராக இருந்த நிர்வாகம், கேட்பதற்குத் தயாராக இல்லை. சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. 1920-இல் கதவடைப்பு வந்தபோது, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியாவின் மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் வாங்கியது. தொழிலாளிக்காக ஒருவர் பேசுவதையே சட்டம் குற்றமாகப் பார்க்க முடிந்த காலம் அது. இந்த வழக்கின் அதிர்ச்சிதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு தூண்டுகோல். பதிவு பெற்ற சங்கத்தாரை அப்படிப்பட்ட வழக்கிலிருந்து அந்தச் சட்டம் காத்தது.

சங்கம் மட்டும் எல்லோர் பேச்சையும் கேட்டதா என்ற எதிர்க்கேள்வி இன்னும் கூர்மையானது. இதே ஆலைகளில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சேரவில்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. சேராதவர்களைக் கருங்காலிகள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் சேரியில் வாழ்ந்தவரின் அச்சமும் கடனும் சாதி இந்துத் தொழிலாளியின் அச்சமும் கடனும் அல்ல. அவர்கள் சார்பில் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா பேசியதைச் சங்கத் தரப்பு துரோகமாக எடுத்துக்கொண்டதே தவிர, சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. நிர்வாகம் சங்கத்துக்குச் செய்ததைச் சங்கம் அவர்களுக்குச் செய்தது என்றே நான் சொல்வேன். வேலைநிறுத்தம் தோற்றது.

தோல்விக்குப் பின் 1922-இல் ஆலையில் நலக் குழு ஒன்று அமைந்தது. பேச ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அது நிர்வாகம் திறந்துவிட்ட இடம். நிலைத்த மாற்றம் சட்டத்தின் வழியேதான் வந்தது. 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டம், எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொன்னது. விளக்கம் கேட்காமல் விதிக்கக்கூடாது என்றது. ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் பிடிக்கவும் தடை போட்டது. 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம், வேலை விதிகளை ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் எழுதி, அவர்கள் நுழையும் வாசலருகே ஒட்டச் சொன்னது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி, நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தின் பிரதிநிதிகளைவிடக் குறையாமல் அமரும் தொழிற்குழுவை அமைக்க அரசு உத்தரவிட முடிந்தது. இவை காகிதத்தில் கிடந்தன என்று சொல்பவர்கள் உண்டு. தொழிற்குழுக்கள் பல இடங்களில் பெயரளவில்தான் இருந்தன, மறுக்கவில்லை. வாசலில் ஒட்டிய விதி அப்படியல்ல: அதைக் கையால் காட்டித் தொழிலாளி வாதாட முடிந்தது. மேஸ்திரியின் வாய்மொழியை எதைக் காட்டி மறுப்பது?

நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்பு, நிலையாணைக்கான வரம்பை நூறு தொழிலாளர்களிலிருந்து முந்நூறாக உயர்த்தியது. சிறு நிறுவனங்களுக்குக் காகிதச் சுமை குறையும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். விதிகளை எழுதிச் சான்று பெறுவது சுமைதான். ஆனால் இருநூறு பேர் வேலை செய்யும் பட்டறையில் அந்தச் சுமை இல்லாமற்போகவில்லை. எந்தத் தவறுக்கு வேலை போகும் என்பதை ஊகித்துக்கொள்ளும் பொறுப்பாகத் தொழிலாளியின் தலைக்கு மாறியிருக்கிறது.