ஹொலிஸ்டர் 1947: ஒரு சின்ன ஊர், நாலாயிரம் மோட்டார் சைக்கிள், ஒரு படம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் கடைசிவரை வாசியுங்கள். பெருநாள் இரவு நடந்ததைப் பற்றி ஊருக்குள் ஒரு கிழமையாகப் பேச்சு. நான் சரித்திரம் படிப்பிக்கிற ஆள், அதனால் சரித்திரத்தில் இருந்தே ஒன்றைச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இருபது பைக் அளவில் நம் வாலிபர்கள் இரவு 11.30க்குப் பிறகு பள்ளிக்குப் பின்னால் உள்ள குறுக்கு வீதிகளை மூன்று தடவை சுற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் உம்மா, டயலிசிஸ் செய்துவிட்டு வந்து படுத்திருந்தவர், விடியும்வரை கண்மூடவில்லை. அவருடைய மகன் என்னிடம் வந்து, "சேர், எல்லாம் நீங்க படிப்பிச்ச புள்ளயள்தானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

காலையில் வட்ஸ்அப் குழுக்களில் பதினொரு செக்கன் வீடியோ ஒன்று வந்தது. "ஊரைப் பிடித்த ரவுடிக் கூட்டம்" என்று மேலே எழுத்து. முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆறு பேர் என் வகுப்பில் இருந்தவர்கள். அதில் ஒருவனை, அவன் வேலை பார்த்த கடையில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம்.

கலிபோர்னியாவில் ஹொலிஸ்டர் என்று ஓர் ஊர். விவசாய ஊர், 1947இல் அங்கே இருந்த சனம் ஏறத்தாழ 4,500. ஊரின் பொலிஸ் மொத்தமே ஏழு பேர். அந்த நாட்டு மோட்டார் சைக்கிள் சங்கம் போருக்கு முன்பே அங்கே சவாரிக் கூட்டங்களும் ஓட்டப் போட்டிகளும் நடத்தி வந்தது. போரால் நின்று போனதை 1947 ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர தின விடுமுறையில், மறுபடியும் தொடங்கினார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: வந்தவர்கள் படையெடுத்து வரவில்லை, அழைக்கப்பட்டு வந்தார்கள். கடைக்காரர்களுக்கு வியாபாரம். ஊருக்கும் சந்தோஷம்.

எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சனம் வந்தது. ஏறத்தாழ 4,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள், கிட்டத்தட்ட ஊரின் சனத்தொகை அளவு. தங்க இடமில்லை. நடைபாதையிலும் பூங்காவிலும் மற்றவர் வீட்டுப் புல்தரையிலும் படுத்தார்கள். பலர் போரிலிருந்து திரும்பி இரண்டு வருடம்கூட ஆகாத இளைஞர்கள். குடித்தார்கள். பிரதான வீதியில் பந்தயம் ஓடினார்கள், வித்தை காட்டினார்கள், சிலர் மதுக்கடைக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு இரவு ஊர் தூங்கவில்லை. ஏழு பொலிஸால் ஒன்றும் செய்ய முடியாமல் நெடுஞ்சாலைப் பொலிஸை வரவழைத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். கைது ஏறத்தாழ ஐம்பது பேர், அநேகமானவை குடிபோதை, ஒழுங்கீனம், கண்மூடித்தனமாக ஓட்டியது போன்ற சிறு குற்றங்கள். காயம்பட்டவர்களும் அதே அளவு, பெரும்பாலும் விழுந்து எழும்பிய ஓட்டிகளே. ஊர் மக்களில் யாரும் கொல்லப்படவில்லை. கடை எரியவில்லை, கொள்ளை நடக்கவில்லை. தொந்தரவு உண்மை, சத்தம் உண்மை. "ஊரைப் பிடித்தார்கள்" என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

ஆனால் செய்தி அப்படித்தான் போனது. சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கல் பத்திரிகை, மோட்டார் சைக்கிள்காரர்கள் ஊரைக் கைப்பற்றியதாக எழுதியது. ஜூலை 21ஆம் திகதி லைஃப் சஞ்சிகையில் ஒரு படம் முழுப் பக்கத்தில் வந்தது. பெருத்த ஒரு மனிதர் ஹார்லி டேவிட்சன் ஒன்றில் சாய்ந்து இருக்கிறார், இரண்டு கையிலும் போத்தல், சில்லுகளின் கீழே உடைந்ததும் வெறுமையானதுமாகப் போத்தல் குவியல். அவ்வளவுதான். நம் பதினொரு செக்கன் வீடியோவும் இந்த வேலையைத்தான் செய்தது.

அந்த ஊர் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னது: படம் பிடிக்க வந்தவர்கள் வீதியில் கிடந்த போத்தல்களைக் கூட்டிச் சேர்த்து, அவ்வழியால் வந்த ஒருவரைப் பிடித்து அந்த மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்கள். இது பற்றி இன்றுவரை வாதம் இருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. படம் உண்மையென்றே வைத்தாலும், நாலாயிரம் பேருக்கு அந்த ஒருவர் முகமாகிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இந்தக் கதையைத் தெரிவு செய்தேன். 1951இல் அந்தச் சம்பவத்தை அடிப்படையாக வைத்து ஹார்ப்பர்ஸ் சஞ்சிகையில் ஒரு சிறுகதை வந்தது. கதையிலிருந்து 1953இல் "த வைல்ட் வன்" என்ற திரைப்படம். மார்லன் பிராண்டோ தோல் ஜக்கட்டுடன் ட்ரயம்ப் மோட்டார் சைக்கிளில் ஒரு சின்ன ஊருக்குள் வருகிறார். பிரித்தானியத் தணிக்கைச் சபை இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்று பயந்து 1967வரை அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. படத்தைப் பார்த்த பையன்கள் அதே ஜக்கட்டை வாங்கினார்கள், அதே மாதிரி நின்றார்கள், அதே மாதிரி முறைத்தார்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெயர்பெற்ற கும்பலின் சான் பிரான்சிஸ்கோ தலைவர் ஒருவர், அந்தப் படத்தில் இன்னொரு நடிகர் லீ மார்வின் போட்டிருந்த கோடு போட்ட பனியனைத் தேடிப்போய் வாங்கி வந்து, அது கிழியும்வரை உடுத்தினார்.

அதாவது, பத்திரிகை ஒரு ரவுடியை வரைந்தது. சினிமா அவனுக்கு உடுப்புத் தைத்தது. அடுத்த தலைமுறை அதை அளவு பார்த்துப் போட்டுக்கொண்டது. 1947இல் அந்த வீதியில் நின்றவர்களில் அநேகர் திங்கட்கிழமை வேலைக்குப் போன ஆட்கள்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் என் பயம் இதுதான். வேலை போன அந்தப் பையன் நேற்று என்னிடம், "சேர், ரவுடின்னு சொல்லிட்டாங்க, இனி என்ன?" என்று கேட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான், எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அவனுடைய பைக் ஒரு பழைய ஜப்பான் வண்டி, கொம்பனியில் இருந்து வந்த சைலன்சர் அப்படியே இருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன்.

இங்கே கொஞ்சம் கணக்கு. விஞ்ஞான ஆசிரியர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள். சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். அது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. சரியான சைலன்சர் உள்ள ஒரு பைக் 80 டெசிபல் என்று வையுங்கள். சைலன்சரின் உள்ளே இருப்பதை வெட்டி எறிந்த ஒரு பைக் 100 டெசிபல் என்று வையுங்கள். இருபது பைக் போகிறது, அதில் ஒன்றுதான் வெட்டியது. மற்றப் பத்தொன்பதையும் சேர்த்தாலும் அந்த ஒன்றின் சத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது! அந்த உம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது இருபது பைக் அல்ல, இரண்டோ மூன்றோ. வீடியோவில் மாட்டியது இருபது முகம்.

பத்தொன்பது பேரும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் குடிமனைக்குள் இருபது பைக் எதற்கு? நல்ல சைலன்சர் போட்ட பைக்குகளே பத்து ஒன்றாகப் போனால் ஒரு பைக்கைவிட 10 டெசிபல் கூடும், காதுக்கு அது இரட்டிப்பாகக் கேட்கும். கடற்கரை வீதியில் மஃரிபுக்கு முன் போயிருக்கலாம். போகவில்லை. அது பிழைதான்.

"சத்தம் இருந்தாத்தான் சேர் மத்த வாகனம் விலகும்" என்று ஒரு மாணவன் சொன்னான். இந்த வாதம் அமெரிக்காவிலும் பல வருடமாக ஓடுகிறது. சைலன்சரின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேன். பின்பக்கம். நம்மை மோத வருகிறவன் அநேகமாக முன்னால் இருந்தல்லவா வருகிறான்? அவன் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். யோசிப்பான், கெட்டிக்காரன்.

அமெரிக்கர்கள் சத்தத்துக்கு மருந்து தேடியது மிகவும் பிந்தித்தான். 1972இல் ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1980இல் மோட்டார் சைக்கிளுக்கு விதி போட்டார்கள்: 1983 முதல் தயாராகும் வீதி வண்டிக்கு 83 டெசிபல், 1986 முதல் 80. அந்த அளவுக்கு உட்பட்டது என்ற முத்திரை சைலன்சரிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பொலிஸ்காரர் ஓட்டுபவனின் முகத்தையோ உடுப்பையோ பார்க்கத் தேவையில்லை, குனிந்து குழாயைப் பார்த்தால் போதும். ஆனால் அதைக் கவனிக்க வேண்டிய மத்திய அலுவலகத்துக்கு 1982இலேயே பணத்தை நிறுத்திவிட்டார்கள். விதி புத்தகத்தில் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. வாங்கிய கையோடு சைலன்சரைக் கழற்றி வேறொன்றைப் போடுவது வழமையாகிவிட்டது. கலிபோர்னியா 2010இல் தனியாக ஒரு சட்டம் இயற்றி, 2013 முதல் தயாராகும் மோட்டார் சைக்கிளில் அந்த முத்திரை இல்லையென்றால் தண்டம் என்றது. 1947இல் இருந்து எண்ணிப் பாருங்கள், அறுபத்தாறு வருடம்.

ஹொலிஸ்டர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1997இல், ஐம்பதாவது வருடத்துக்கு, அந்த ஊரே மோட்டார் சைக்கிள்காரர்களைத் திரும்ப அழைத்து விழா எடுத்தது. பல வருடம் நடந்தது. பாதுகாப்புச் செலவு தாங்காமல் இடையில் சில வருடம் நின்று, 2013இல் மறுபடியும் நடந்தது. தன்னைப் பிடித்தவர்கள் என்று பேர் பெற்ற கூட்டத்தோடு ஓர் ஊர் செலவுக் கணக்குப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று சபையில் இருந்து பேசித் தீர்மானித்தது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். சத்தம் என்ற விஷயத்தில் நமக்கும் ஒரு சரித்திரம் உண்டு, அதை நாம் அடிக்கடி பேசுவதில்லை. வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் நம்பிக்கையாளர்கள் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா இருந்த காலத்தில், தீர்ப்பு வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக் கூடாது என்றார்கள். கேட்க விரும்பாத ஒருவரைக் கட்டிவைத்துக் கேட்க வைப்பதுபோல் சத்தம் எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை என்பது சாரம். விசேட சமய நிகழ்வென்றால் அயலவரின் கருத்தை அறிந்து இடம் கொடுக்கலாம் என்றும் இருந்தது.

அப்போது நமக்கு வலித்தது. சுபஹ் பாங்கு சம்பந்தப்பட்ட விஷயம், வலிக்காமல் இருக்குமா. நான் அப்போது புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர், ஓய்வறையில் நடந்த வாக்குவாதம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருநாள் இரவில் அந்த உம்மா கேட்டதும் அதே 10 மணியைத்தான். அவர் பொலிஸுக்குப் போகவில்லை, வீடியோவும் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தார்.

பைக்குக்குப் புதுத் தீர்ப்பும் தேவையில்லை, வேலை செய்யும் சைலன்சர் இல்லாமல் வீதியில் ஓடுவது ஏற்கனவே குற்றம்தான். பொலிஸ் வந்து பிடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

நேற்று இஷாவுக்குப் பிறகு நிருவாகத்தினரோடும் நான்கைந்து வாலிபர்களோடும் பேசினேன். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பின் பாடசாலை மைதானத்துக்கு அந்த இருபது பைக்கையும் கொண்டு வருகிறார்கள். சந்தியில் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுப் பார்ப்பார். வெட்டிய சைலன்சர் உள்ளவர்களுக்குக் கூலி எடுக்காமல் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சாமான் காசு மட்டும் அவரவர். கூட்டமாக ஓட ஆசையென்றால் எந்த வீதியால், எத்தனை மணிக்கு என்று அங்கேயே பேசுவோம். அந்த உம்மாவின் மகனும் வருவதாகச் சொன்னார்.

வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். பையனை வேலைக்கு வர வேண்டாம் என்ற கடைக்கார நாநா இந்தப் பதிவை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். நாநா, சனிக்கிழமை நீங்களும் வாருங்கள். அவனுடைய வண்டியை முதலாவதாக ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறேன்.