மதில் மேல் பூனை, மதிலுக்குக் கீழே சிப்பிப்பாறை

இந்த எபிசோடு ஒரு பூனையோட சாவுல ஆரம்பிக்குது. கேட்க கஷ்டமா இருக்கும்னா முதல் ரெண்டு நிமிஷத்தைத் தள்ளி விட்டுடுங்க. அதுக்கப்புறம் பெரும்பாலும் வரலாறுதான்.

எங்க வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல. நாய் பேரு மின்னல், சிப்பிப்பாறை, அப்போ ரெண்டரை வயசு. ஒருநாள் காலையில பால் வாங்க அம்மா கேட்டைத் திறந்தாங்க. அதே நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பூனை மதில்லேர்ந்து குதிச்சு ரோட்டைக் கடந்தது. மின்னல் ஓடினதை நான் பார்க்கவே இல்லை. நான் வாசலுக்கு வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. அஞ்சு செகண்டுகூட ஆகியிருக்காது. மின்னல் அதைத் தின்னல. கீழே போட்டுட்டு, வாலை ஆட்டிக்கிட்டு, என் முகத்தைப் பார்த்து நின்னுச்சு. அந்த வாலாட்டல்தான் எனக்கு ரொம்ப நாள் மறக்கல.

எதிர்வீட்டு அக்கா திட்டல. "இத எங்கயாச்சும் தோட்டத்துல விட்டுடுங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்பாவுக்கும் அதே எண்ணம்தான். நாமக்கல் பக்கம் தோட்டத்துல இருக்கிற எங்க அப்புச்சிக்கு அன்னிக்கே போன் போட்டார். அப்புச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இங்க கோழி இருக்குது, ஆட்டுக்குட்டி இருக்குது. இங்க விட்டா மட்டும் அது என்னங்க மாப்ள பண்ணும்?"

அப்பா போனை வச்சுட்டார். நான் படிக்க ஆரம்பிச்சேன். நாய் ஒரு சின்ன உயிரைத் துரத்துறதை மனுஷங்க இத்தனை காலமா எப்படிக் கையாண்டாங்கன்னு தேடினேன். எனக்குக் கிடைச்ச பதில் நான் எதிர்பார்த்தது இல்லை. அந்தக் குணத்தை நாய்கிட்டேர்ந்து எடுத்துடலாம்னு யாரும் பெருசா நம்பின மாதிரியே தெரியல. அதை எந்த இடத்துல நிறுத்துறது, எதுமேல திருப்பி விடுறதுங்கிறதுதான் எல்லாருக்கும் கவலையா இருந்திருக்கு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவுல ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர்னு ஒரு தம்பதி, நாய்களைப் பத்தி 2001-ல் ஒரு முக்கியமான புத்தகம் எழுதினாங்க. அவங்க சொல்றபடி வேட்டைங்கிறது ஒரே செயல் இல்லை, ஒரு சங்கிலி. கவனிக்கிறது, கண்ணை எடுக்காம பார்க்கிறது, பதுங்கிப் போறது, துரத்துறது, கவ்வுறது, கொல்றது, கிழிக்கிறது, தின்னுறது. ஓநாய்கிட்ட இந்தச் சங்கிலி முழுசா இருக்கு. நாய்களை மனுஷங்க வேலைக்கு ஏத்த மாதிரி தேர்ந்தெடுத்து வளர்த்தப்போ சில கண்ணிகள் தடிச்சுது, சில கண்ணிகள் தேய்ஞ்சுது. ஆடு மேய்க்கிற பார்டர் கோலிகிட்ட பார்க்கிறதும் பதுங்குறதும் துரத்துறதும் அபாரமா இருக்கும், கடி அடங்கியிருக்கும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்கள்ல துரத்தல்தான் உச்சம், கூடவே கடியும் உண்டு. பசிக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மி. மின்னல் அன்னிக்குக் காலையில வயிறு நிறைய சாப்பிட்டிருந்துச்சு. ஓடுற ஒண்ணைத் துரத்துறதே அதுக்குப் பரிசு. அதனாலதான் வாலை ஆட்டுச்சு. அது செஞ்ச தப்பை நினைச்சு வெட்கப்படும்னு எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

இப்போ நம்ம ஊர் பழைய கதைக்கு வருவோம். சங்கத் தமிழ்ல நாய்க்கு ஞமலின்னு ஒரு பேரு உண்டு. பத்துப்பாட்டுல இருக்கிற பெரும்பாணாற்றுப்படையில, கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு முயல் வேட்டையைச் சொல்றார். முயலோட நீளக் காதைத் தாமரைப்பூவோட புற இதழுக்கு ஒப்பிடுற இடம் அது, அவ்ளோ கிட்ட போய்ப் பார்த்திருக்கார். ஆனா நான் நின்னது அந்த உவமையில இல்லை, வேட்டை நடக்கிற முறையில. நாய்களோட வந்து புதரைக் கலைக்கிறாங்க. வேலி மாதிரி தொடர்ச்சியா வலை கட்டியிருக்கு. முயல் தப்பிக்க வழியில்லாம வளைக்கப்படுது. அதாவது நாயோட பங்கு முயலைக் கிளப்பி விடுறதுலதான் இருக்கு, பிடிக்கிற வேலையை வலை பார்த்துக்குது. முயல் முழுசா கைக்கு வரணும்னா நாயோட சங்கிலியை நடுவுல நிறுத்தியாகணும். அதை நிறுத்தினது நாய்க்குச் சொன்ன புத்திமதி இல்லை, குறுக்கே கட்டின வலை.

இதை வாசிச்சப்போ எங்க வீட்டு கேட்தான் ஞாபகம் வந்துச்சு. தினமும் காலையில விரியத் திறந்து கிடந்த கேட்.

அடுத்தது ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். சேலத்துலேர்ந்து அரூர், செங்கம் வழியா போகலாம். அங்க கிடைச்ச நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைத் திருட வந்தவங்களோட சண்டை போட்டு கருந்தேவக்கத்திங்கிற வீரன் செத்துப் போனான். அவனுக்கு நட்ட கல்லுல, கூட இருந்த நாயையும் செதுக்கியிருக்காங்க. நாய்க்குப் பேரும் பொறிச்சிருக்காங்க: கோவிவன். திருடனைக் கடிச்சு, அங்கேயே காத்து நின்னதாம். ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாயோட பேரைக் கல்லுல வெட்டியிருக்காங்கன்னா, அது அந்த ஊருக்கு எவ்ளோ பெரிய விஷயமா இருந்திருக்கணும்!

கடிச்சது மட்டும்னா கல்லுல ஏறியிருக்குமான்னு எனக்குச் சந்தேகம். காத்து நின்னதும் சேர்ந்துதான் கோவிவனோட பெருமை. எருமைக் கூட்டத்துக்கு நடுவுல வளர்ந்த நாயா அது இருந்திருக்கணும். கூட்டத்துக்குள்ள இருக்கிறதைத் தொடாம, வெளியேர்ந்து வர்றவனை மட்டும் பிடிக்கத் தெரிஞ்சிருக்கு. இது எப்படிச் சாத்தியம்னு புரிய இன்னொரு ஆராய்ச்சி உதவுது. ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் புத்தகம் போட்டாங்க. ஏறக்குறைய 3 வாரத்துலேர்ந்து 12 வாரம் வரைக்கும் குட்டி யாரோட பழகுதோ, அவங்களைத் தன் கூட்டம்னு எடுத்துக்கும். ஆட்டுப்பட்டியில குட்டியை விட்டு வளர்க்கிற மேய்ப்பர்கள் உலகம் முழுக்க இதைப் புத்தகம் படிக்காமலே செஞ்சிருக்காங்க. ஆனா இதுல ஒரு பிடி இருக்கு. வீட்டுப் பூனையோட வளர்ந்த நாய் வீட்டுப் பூனையைத்தான் விடும். மதில் மேல ஓடுற வேற பூனை அதுக்குச் சொந்தம் இல்லை, இரைதான்.

எல்லா ஊர்லயும் இவ்ளோ பொறுமை இருந்ததுன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல அரசனோட காடுகள்ல மான்களைத் துரத்தக் கூடாதுன்னு, காட்டை ஒட்டி வாழ்ந்த மக்களோட நாய்களுக்கு முன்னங்கால்ல மூணு நகத்தை வெட்டுற வழக்கம் இருந்துச்சு. 1217-ல் வந்த காட்டுச் சாசனம் இதை நிறுத்தல, ஒழுங்குதான் படுத்துச்சு. மூணு வருஷத்துக்கு ஒருமுறை சோதனை, வெட்டாத நாய்க்கு மூணு ஷில்லிங் அபராதம். துரத்துற ஆசையைத் தொட முடியல, அதனால காலைத் தொட்டாங்க. ராஜாவோட வேட்டை நாய்க்கு இதெல்லாம் கிடையாது, அது வேற விஷயம். வேட்டைங்கிறது யாரோட நாய் துரத்தலாம்ங்கிற கேள்வியாவும் எப்பவும் இருந்திருக்கு. பின்னாடி வெள்ளைக்காரங்க ஊட்டியில அதே ஆட்டத்தை ஆடினாங்க. நரிக்கு பதிலா குள்ளநரி, அவ்ளோதான் வித்தியாசம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டுல வந்தது. கிரேஹவுண்டுகளை உயிரோட இருக்கிற முயல் மேல விடுற பந்தயம் அப்போ பிரபலம். ஓவன் பேட்ரிக் ஸ்மித்னு ஒரு அமெரிக்கர், முயல்கள் சாகிறதைப் பார்க்கப் பிடிக்காம, தண்டவாளத்துல ஓடுற இயந்திர முயலை உருவாக்கினார். 1919-ல் கலிஃபோர்னியாவுல எமரிவில்லேங்கிற ஊர்ல அதை வச்சுப் பந்தயத் திடலே திறந்தார். நாய்களுக்கு அது பொம்மைங்கிறது ஒரு பொருட்டே இல்லை. ஓடினா போதும், துரத்தும். அதுக்கப்புறம் கிரேஹவுண்டு பந்தயம் சூதாட்டமாகி, காயம்பட்ட நாய்களைத் தூக்கிப் போட்ட கதை வேற எபிசோடு. ஆனா அந்த யோசனை மட்டும் இன்னிக்கும் உயிரோட இருக்கு: துரத்தலை விட்டுடு, உயிரை மட்டும் நடுவுலேர்ந்து எடுத்துடு.

நம்ம நாட்டுல சட்டம் 1972-ல் வந்துச்சு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதல்ல சில சின்ன விலங்குகளை லைசன்ஸ் வாங்கி வேட்டையாட வழி இருந்துச்சு. 1991 திருத்தம் அதையும் மூடிடுச்சு. இன்னிக்கு நாயை விட்டு முயலைத் துரத்துறதும் வேட்டைதான், பிடிபட்டா வழக்குதான். நியாயமான சட்டம், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்லை. சேலம் மாவட்டத்துலயே வாழப்பாடி பக்கம் சில ஊர்கள்ல பொங்கல் சமயத்துல வங்காநரியை வலை வச்சுப் பிடிச்சு, வாயைக் கட்டி, ஊருக்குள்ள ஓட விடுற வழக்கம் உண்டு. நரி முகத்துல முழிச்சா நல்லதுன்னு நம்பிக்கை. வனத்துறை தடுக்குது, அபராதம் போடுது. ஓடுற ஒண்ணைப் பார்த்தா பின்னாடியே ஓடத் தோணுற குணம் நாய்க்கு மட்டும் சொந்தம் இல்லைன்னு அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் தோணும்.

சரி, அப்போ வேட்டை நாய்களுக்கு என்ன ஆச்சு? வேலை போச்சு. கொஞ்ச வருஷத்துல வேற விதத்துல மவுசு வந்துச்சு. 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டுச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் தன்னோட மன் கீ பாத் உரையில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லி, உள்நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். நாட்டு நாய் வளர்க்கிறது ஒரு பெருமையாச்சு. நாங்களும் அந்த அலையிலதான் மின்னலை வாங்கினோம். கரிசல் காட்டுல முயலுக்குப் பின்னாடி ஓடுறதுக்காகத் தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்த உடம்பை, ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு கார் நிறுத்துற இடத்துல கட்டிப் போட்டோம். இன்ஸ்டாகிராம்ல போட்டோ அழகா வந்துச்சு. அதோட வரலாறும் கூடவே வீட்டுக்குள்ள வந்ததை யாரும் யோசிக்கல. நானும்தான்.

மின்னலைத் தோட்டத்துக்கு அனுப்பல. அப்புச்சியோட கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்லாததுதான் காரணம், பெரிய மனசெல்லாம் இல்லை. செஞ்சது எல்லாம் பழைய வேலைகள்தான். முதல்ல வலை: கேட்டுக்கு உள்ளே இன்னொரு சின்ன கேட், ஒண்ணு மூடாம இன்னொண்ணு திறக்கிறது இல்லை. வெளிய போனா எப்பவும் கயிறு, காலியா கிடக்கிற மைதானத்துல முப்பதடி நீளக் கயிறு. பூனையைப் பார்த்து அடிக்கிறதை விட்டோம். அடிச்சா பூனைன்னா வலின்னுதான் அது கத்துக்கும், இன்னும் வெறியாகும். அதுக்கு பதிலா துரத்தல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, காது நிமிர்ந்து கண்ணு நிலைச்ச அந்த ஒரு நொடியில கூப்பிடுறது, திரும்பினா ஈரல் துண்டு. ஓட ஆரம்பிச்சுட்டா கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, அப்போ அதுக்குக் காதே கிடையாது. அப்புறம் ஸ்மித்தோட முயல்: நீளக் குச்சி நுனியில கயிறு, கயிறு நுனியில பழைய துணி. சாயங்காலம் பத்து நிமிஷம் அதைத் துரத்த விடுவேன். கடைசியில பிடிக்கவும் விடுவேன்.

முதல் ஆறு மாசம் நூறு தடவை கூப்பிட்டா பத்து தடவை திரும்பியிருக்கும். இப்போ பரவாயில்லை. ஆனா மின்னலைப் பூனையோட தனியா விடலாமான்னு கேட்டா, மாட்டேன். எப்பவுமே மாட்டேன்.

எதிர்வீட்டு அக்கா போன தை மாசம் ஒரு குட்டி எடுத்துட்டு வந்தாங்க. எங்ககிட்ட சொல்லல, மாடியில ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்கிறதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. வலைக்கான காசைக் கொடுக்க அப்பா போனார். அவங்க வாங்கல. உள்ள கூப்பிட்டு காபி கொடுத்தாங்களாம்.

இன்னிக்குக் காலையில வாக்கிங் கிளம்பும்போது அந்தக் குட்டி ஜன்னல்ல உட்கார்ந்திருந்துச்சு. மின்னல் நின்னுச்சு. காது நிமிர்ந்துச்சு. நான் கூப்பிட்டேன். ரெண்டாவது தடவையில திரும்பிச்சு.