துவிச்சக்கரவண்டியும் வானொலியும்

பழைய பொறிகளைப் புதுவகையிற் பயன்படுத்திப் பார்க்குமாறு கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்து ஆதரிக்கும் நிலையங்கள் இன்று உலகிற் பல உள. வன்னி மக்கள் அத்தகைய பரிசோதனையை ஆதரிப்பார் எவருமின்றியே செய்தனர்.

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் பற்றறிக்கும் தடை வந்தது. 1995இல் யாழ்ப்பாணத்தினின்று இடம்பெயர்ந்தோர் பலரும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளை வந்தடைந்தனர். எவ்வூரிற் சண்டை, எவ்வழி திறந்தது என்பதை அறிய வானொலியே துணை. அதற்கு உயிரூட்டியது துவிச்சக்கரவண்டி.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவர். விளக்கெரிப்பதற்கென அமைந்த 6 வோல்ற் டைனமோ மின்னைப் பிறப்பிக்கும். அம்மின் முன்னும் பின்னுமாக மாறி ஓடுவது. ‘டயோட்’ என்னும் சிற்றுறுப்பு அதனை ஒரே திசையிற் செலுத்தி வானொலிக்கு ஏற்றதாக்கும். கை தளர்ந்தாற் குரலும் தளரும். ஆகவே ஒருவர் சுழற்ற, ஏனையோர் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர்.

2002இற் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தது, பற்றறிகளும் வந்தன. சுழற்றிய கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. போர்களையும் உடன்படிக்கைகளையும் ஏடுகள் காக்கும். இக்கைவினையையோ, அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.