கடல் கடந்த புரவிகள்

நம் அக்ரஹாரத்திற்கு அணித்தே, சாமுண்டி மலையடிவாரத்தில், மைசூர்க் குதிரைப் பந்தயத் திடல் விளங்குகிறது. அதனை நடத்தும் கழகம் 1891ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கு ஓடும் உயரினப் புரவிகளின் வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம் அறியத்தக்கது.

உலகின் உயரினப் பந்தயக் குதிரைகள் யாவும், தந்தைவழியில், கீழைநாடுகளினின்று இங்கிலாந்து சென்ற மூன்று குதிரைகளின் வழிவந்தவை. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்பன அவை. டார்லியின் மரபில், 1764இல் சூரிய கிரகணத்தன்று பிறந்து, கிரகணம் எனப் பொருள்படும் பெயர் பெற்ற எக்லிப்ஸ், எப்பந்தயத்திலும் தோற்றதில்லை.

தமிழகத்திற்கும் குதிரைகள் கடல் கடந்தே வந்தன. பட்டினப்பாலை அதற்குச் சான்று. 13ஆம் நூற்றாண்டில் பாண்டி நாடு கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை பேணும் முறை அறிவார் இன்மையால் மாண்டன என்கிறார். பொன் இருந்தது, வளர்க்கும் அறிவு இல்லை.

மைசூர்ச் சீமையிலோ, 18ஆம் நூற்றாண்டில், திப்பு சுல்தான் தம் படைக்கெனக் குனிகலில் குதிரைப் பண்ணை நடத்தினார். படைக்குதிரை வளர்ந்த அவ்விடமே பிற்காலத்தில் பந்தயப் புரவிகளையும் ஈன்றது.

பந்தயத்தில் பணம் வைத்துக் குடி கெட்டோர் உண்டு. அதனை நாம் போற்றோம். ஆயினும் ஓர் உண்மை உளது. குலச்சிறப்பு மட்டும் வெற்றி தாராது. வைகறையில் எழுந்து, உடல் தேய்த்து, தீனி அளந்து, ஓட்டிப் பழக்கும் கைகளும் வேண்டும். வேற்று மண்ணில் மக்களை வளர்க்கும் நமக்கும் இது பொருந்தும் அன்றோ!