போர் முடிவும் ஆய்வு நிறுவனங்களும்: 1971ஆம் ஆண்டை முன்வைத்து

அரசுத் துறைகளுக்குள் அடங்காமல், அரசின் முடிவுகளுக்கு வேண்டிய ஆய்வுகளையும் பரிந்துரைகளையும் ஆக்கித் தருவதையே பணியாகக் கொண்ட அமைப்புகள் கொள்கை ஆய்வு நிறுவனங்கள் எனப்படுகின்றன. ஒரு நாடு போரில் இறங்கும்போது இவற்றின் பங்கு எத்தகையது என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் கூறப்படுகின்றன: திரைக்குப் பின்னிருந்து ஆட்டுவிப்பவை இவையே என்பது ஒன்று; ஆட்சியாளர் முன்பே எடுத்த முடிவுக்குக் காரணம் கற்பித்துத் தருபவை மட்டுமே என்பது மற்றொன்று. இந்தியாவின் 1971ஆம் ஆண்டு அனுபவம் இவ்விரண்டிலும் அடங்குவதாக இல்லை. அவ்வாண்டில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் படை நடவடிக்கையை வெளிப்படையாகவே வலியுறுத்தினார். அவர் விரும்பிய காலத்தில் அரசு போருக்குச் செல்லவில்லை. ஆயினும் ஆண்டின் இறுதியில் பாகிஸ்தானுடன் மூண்ட போருக்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் சில, அவர் முன்னரே போட்டுக் காட்டிய கணக்குகளாக இருந்தன.

போர் பற்றிய அறிவுரை தமிழகத்துக்குப் புதியதன்று. திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றைத் தனித்தனி அதிகாரங்களாக வகுத்து, அமைச்சுக்கும் தூதுக்கும் ஒற்றுக்கும் இலக்கணம் கூறுகிறது. மாமல்லபுரக் கடற்கரையை ஆண்ட பல்லவருள் முதலாம் நரசிம்மவர்மனிடம், இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த மானவர்மன் என்னும் இளவரசன் தங்கியிருந்ததையும், சாளுக்கியருக்கு எதிரான போரில் அவன் பல்லவருக்குத் துணைநின்றதையும், பின்னர்ப் பல்லவப் படையுதவியுடன் இருமுறை முயன்று அரியணையைக் கைப்பற்றியதையும் சூளவம்சம் குறிப்பிடுகிறது. படையெடுப்பால் பயன்பெற வேண்டியவனே மன்னனின் அருகிலிருந்த சூழல் அது. புலம்பெயர்ந்தோர் ஓர் அரசின் போர் முடிவை எவ்வாறு நெருக்குகின்றனர் என்பதை ஆராய்வோர் கருத்தில் கொள்ள வேண்டிய பழஞ்சான்றாக அதைக் கொள்ளலாம்.

அரசவைக்கு வெளியே, சம்பளம் பெறும் ஆய்வாளர்களைக் கொண்ட நிறுவனம் என்பது இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். 1962இல் சீனாவிடம் அடைந்த தோல்வியும் 1965இன் பாகிஸ்தான் போரும் இந்திய ஆட்சியாளர்க்குப் பாதுகாப்புச் சிந்தனையின் வறுமையை உணர்த்தின. ஒய். பி. சவாண் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1965 நவம்பர் 11 அன்று, பாதுகாப்பு ஆய்வுகள் மற்றும் பகுப்பாய்வுகள் நிறுவனம் புதுதில்லியில் நிறுவப்பட்டது. தன்னாட்சி உடையது எனப்பட்டாலும் அதன் நிதி பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்தே வந்தது. திருச்சிராப்பள்ளியில் 1929இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951இல் இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்த கே. சுப்பிரமணியம் 1968இல் அதன் இயக்குநரானார். அரசின் உள்ளே இருந்து வந்தவர் அரசுக்கு வெளியே நின்று பேசும் இந்த இரட்டை நிலை, அவருடைய சொல்லுக்கு வலிமையையும் சிக்கலையும் ஒருங்கே தந்தது.

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் இராணுவம் மக்கள் மீது தாக்குதலைத் தொடங்கியது. மார்ச் 31 அன்று இந்திய நாடாளுமன்றம் வங்க மக்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே நாளில் தில்லியில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் சுப்பிரமணியம், பாகிஸ்தான் பிளவுபடுவது இந்தியாவின் நலனுக்கு உகந்தது என்றும், இத்தகைய வாய்ப்பு மீண்டும் வாய்க்காது என்றும் பொருள்படப் பேசினார். தொடர்ந்து வந்த மாதங்களில் அவர் எழுதியவற்றில் அமைந்த வாதம் இதனினும் நுட்பமானது: எல்லை கடந்து வரும் அகதிகளைக் காலவரையின்றித் தாங்குவதற்கு ஆகும் செலவு, குறுகிய காலப் போர் ஒன்றின் செலவை விஞ்சிவிடும் என்றார் அவர். போரின் செலவு என்ன என்று மட்டுமே கேட்டுவந்த விவாதம், போரைத் தவிர்ப்பதன் செலவு என்ன என்றும் கேட்கத் தொடங்கியது. ஆய்வு நிறுவனம் ஒன்றின் உண்மையான செல்வாக்கு இவ்வாறு கேள்வியை மாற்றியமைப்பதில்தான் உள்ளது.

அரசோ உடனடியாக அசையவில்லை. பிரதமரின் செயலாளர் பி. என். ஹக்ஸர் பொறுமையை வலியுறுத்தினார். ஏப்ரலிலேயே படையெடுக்குமாறு கேட்கப்பட்டதாகவும் ஆயத்தமின்மையைச் சுட்டித் தாம் மறுத்ததாகவும் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா பின்னாளில் பலமுறை கூறினார். வரலாற்றாசிரியர் ஸ்ரீநாத் ராகவன், அந்தக் கட்டத்தில் பிரதமர் இந்திரா காந்தி உடனடிப் போரை நாடவே இல்லை என்று ஆவணங்களைக் கொண்டு வாதிடுகிறார். எவ்வாறாயினும், மழைக்காலம் கழியவும், இமயக் கணவாய்கள் பனியால் மூடிச் சீனத் தலையீடு கடினமாகவும், ஆகஸ்டு 9 அன்று சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தாகவும் காத்திருந்தது அரசுக்கு நன்மையாயிற்று. காலமறிதலில் ஆய்வாளரை விட ஆட்சியாளரே தேர்ந்தவராக இருந்தனர் என்று கூறுவது மிகையாகாது. இதற்குள் அகதிகளின் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. முகாம்களில் காலரா பரவியது. செலவுக் கணக்கு நாடு முழுவதும் பேசப்படும் வாதமாயிற்று. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்கியதை அடுத்துத் தொடங்கிய முழுப்போர் டிசம்பர் 16 அன்று டாக்காவில் முடிவுற்றது.

மார்ச் 31ஆம் நாள் பேச்சு வேறொரு விளைவையும் உண்டாக்கியது. தொடக்கம் முதலே இந்தியா சதி செய்தது என்பதற்குச் சான்றாகப் பாகிஸ்தான் தரப்பு அதை இன்றளவும் எடுத்தாள்கிறது. மனிதர்கள் கொன்று குவிக்கப்பட்ட நாட்களில் அந்நிலையை வாய்ப்பு எனக் குறித்தது அறத்தின் பார்வையில் குறையுடையது. இந்தியாவின் மனிதநேய வாதத்தையும் அது மெலிவித்தது. அரசு ஊதியம் பெறும் ஓர் ஆய்வாளரின் தனிக்கருத்து எது, அரசின் கருத்து எது என்று அயல்நாட்டார் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அமெரிக்க நிலை இதனின்று வேறுபட்டது. புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம் என்னும் அமைப்பு 1998 ஜனவரியில் அதிபர் கிளிண்டனுக்கு எழுதிய கடிதம் சதாம் உசேனை அகற்றக் கோரியது. அதில் ஒப்பமிட்ட ரம்ஸ்ஃபெல்டும் வுல்ஃபோவிட்ஸும் 2001இல் பாதுகாப்புத் துறையின் தலைமைக்கே வந்தனர். 2003இல் ஈராக் மீது படையெடுப்பு நிகழ்ந்தது. அங்கே பரிந்துரைத்தவர்களே முடிவெடுக்கும் இருக்கைகளில் அமர்ந்தனர். 1971இன் இந்தியாவில் அந்த இருக்கைகள் பிரதமரைச் சூழ்ந்த சிறு வட்டத்திடமே இருந்தன.

முடிவெடுக்கும் இருக்கைக்கு வெளியே நின்று பரிந்துரைக்கும் இந்நிலை இந்தியாவில் பின்னரும் தொடர்ந்தது. கார்கில் போருக்குப் பின் 1999 ஜூலையில் அமைக்கப்பட்ட ஆய்வுக்குழுவுக்குச் சுப்பிரமணியமே தலைமை தாங்கினார். அதன் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர்கள் குழு 2001இல் முப்படைகளுக்கும் பொதுவான தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. அப்பதவியில் முதலாமவர் பொறுப்பேற்றது 2020 ஜனவரியில்.