தூங்கானை மாடத்தின் கல் சாட்சி

விருத்தாசலத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சி செல்லும் ரயில் பாதையில், வெள்ளாற்றை ஒட்டிய ஊர் பெண்ணாடம். சைவர்களுக்கு இது கலிக்கம்ப நாயனார் ஊர். மெய்கண்டாரின் தந்தை அச்சுதகளப்பாளர் வாழ்ந்த ஊர். தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்தருள வேண்டும் என்று அப்பர் கேட்டுப் பெற்ற தலம். கட்டடக்கலை வரலாற்றைப் படிப்பவர்களுக்கோ பிரளயகாலேசுவரர் கோயிலின் பழைய பெயரே போதும்: திருத்தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்து முடியும் கருவறை கொண்ட கோயில் என்று பொருள். சிற்ப நூல்கள் இவ்வடிவத்தை கஜபிருஷ்டம் என்கின்றன. அப்பரும் சம்பந்தரும் பாடிய ஏழாம் நூற்றாண்டில் இங்கே ஒரு மாடம் இருந்தது உறுதி. ஆனால் இன்று நாம் வலம் வருவது பின்னர் எழுந்த கற்றளியை. அவர்கள் கண்ட மாடம் எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால் பெண்ணாடத்தில் தேடிப் பயனில்லை, மாமல்லபுரத்துக்குப் போக வேண்டும் என்பதே என் வாதம். அங்கே அந்த மாடத்தின் அளவுமாதிரி ஒன்று, ஒரே கல்லில் செதுக்கப்பட்டு, இன்றும் நிற்கிறது. மறைந்துபோன கட்டடத்துக்கு அதன் சிறிய மாதிரியைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் அந்த மாடம் எதனால் ஆனது என்பதைப் பார்ப்போம். விழுப்புரம் பகுதியிலுள்ள மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் மும்மூர்த்திகளுக்கு இதை அமைத்தேன் என்று அங்குள்ள கல்வெட்டில் பெருமையாகச் சொல்கிறான். ஓர் அரசன் இதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறான் என்றால், அதுவரை கோயில்கள் அந்த நான்கு பொருள்களால்தான் எழுந்தன என்றாகிறது. பெண்ணாடத்து மாடமும் அந்த வழக்கத்தில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். கல்லில் மட்டுமே வேலை செய்பவனுக்கு வளைந்த பின்சுவர் தேவையற்ற சிரமம். சதுரமே அவனுக்கு எளிது. மூங்கிலையும் மெல்லிய மரக்கழியையும் வளைத்துக் கூரை போடுபவனுக்கு நிலைமை வேறு. மூலையில் இரண்டு சாய்வுகள் சேரும் இடம்தான் மழைக்கு முதலில் ஒழுகும். பின்பக்கத்தை அரைவட்டமாக்கிவிட்டால் அந்த இரு மூலைகளும் இல்லாமல் போகின்றன. உத்திரத்தின் முனையிலிருந்து கைமரங்கள் விசிறிபோல் இறங்கிவிடும். யானையின் முதுகு என்ற அழகான கற்பனைக்கு முன்னால் ஒரு தச்சனின் நடைமுறை அறிவு இருக்கிறது. மரமும் மூங்கிலும் நம் மழைக்கும் கரையானுக்கும் எத்தனை தலைமுறை தாங்கும்? அப்படி எழுந்த கூரைகளில் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை.

இனி மாமல்லபுரம். பஞ்சபாண்டவ ரதங்கள் என்று ஊரார் அழைக்கும் ஐந்தும் ரதங்கள் அல்ல, பாண்டவர்களோடு அவற்றுக்குத் தொடர்பும் இல்லை, ஐந்தும் விமானங்கள். ஒன்று கூரை வேய்ந்த குடிசை வடிவம், ஒன்று நீள்சதுரமான வண்டிக்கூடுக் கூரை, இரண்டு அடுக்கடுக்கான சதுர விமானங்கள். ஐந்தாவதான நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாடம். மற்ற நான்கும் மேற்கு நோக்க, இது மட்டும் தெற்கு நோக்கி நிற்கிறது. ஏறத்தாழ 16 அடி உயரம், 18 அடி நீளம். அதன் பக்கத்திலேயே ஒற்றைக்கல் யானை ஒன்று, அதுவும் தெற்கு நோக்கியே நிற்கிறது. வடக்கிலிருந்து வருபவர் யானையின் பின்புறத்தையும் விமானத்தின் பின்புறத்தையும் ஒரே பார்வையில் காண்கிறார். இந்த யானை வெறும் அலங்காரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வடிவத்தின் பெயரைச் சிற்பி கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறான். காலமும் பொருந்துகிறது. இந்த ரதங்களைப் பலர் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள். பிற்பட்டவை, பின்வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். எந்தக் கட்சியை ஏற்றாலும், நரசிம்மவர்மன் 642இல் வாதாபியை வென்ற காலத்தை ஒட்டியோ அதற்கு அடுத்த மூன்று தலைமுறைக்குள்ளோதான் இவை வருகின்றன. அந்த வாதாபிப் போரின் தளபதியாகப் பெரிய புராணம் காட்டும் சிறுத்தொண்டர் சம்பந்தரைச் சந்தித்தவர். ஆக, பெண்ணாடத்து மாடம் பாடப்பட்டதும் இந்தக் கல் மாடம் செதுக்கப்பட்டதும் ஒன்றுக்கொன்று அருகிலிருந்த தலைமுறைகளில்.

மாதிரி என்று சொல்லும்போது நான் மனத்தில் வைத்திருப்பது இன்றைய பிளாஸ்டிக் மாதிரிக் கார்களின் ஒழுங்கை. 1948இல் அமெரிக்காவின் டெட்ராயிட் பகுதியில் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், கார் விற்பனையாளர்களின் கடைகளில் வைப்பதற்காக, புதிய கார்களை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்து கொடுத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, அதே கார்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. 1964இல் வந்த போண்டியாக் ஜிடிஓ முதலிய, பெரிய எஞ்சின் பொருத்திய ‘மசில் கார்கள்’ வந்தபோது அவற்றின் மாதிரிகளும் வந்தன. இந்தப் பெட்டியை வாங்குபவர்களில் ஒரு சாரார் அதை அப்படியே ஒட்டி முடித்துத் திருப்தி அடைவதில்லை. பழைய மாதிரிகள் பலவற்றில் முன் அச்சுக்கம்பி எஞ்சினை ஊடுருவிப் போகும். நிஜக் காரில் அப்படி இருக்க முடியாது. அதை வெட்டி நீக்கிச் சரியான அச்சு செய்து பொருத்துவார்கள். ஸ்பார்க் பிளக் வயர்களை மெல்லிய கம்பியால் சேர்ப்பார்கள். வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடத்தைச் சுரண்டி மழிப்பார்கள். மூடினால் கண்ணுக்கே தெரியாத அடிப்பாகத்திலும் பிரேக் குழாயை ஓட்டுவார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. நிஜத்தில் எது எங்கே இருந்தது என்ற கேள்விக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் எந்த வேலையும் ஆவணப்படுத்தும் வேலைதான். கார் துருப்பிடித்து, நசுக்கப்பட்டுப் பழைய இரும்பாகிறது. அதன் விகிதமும் உறுப்புகளின் அமைப்பும் மாதிரியில் தங்கிவிடுகின்றன.

மாமல்லபுரத்துச் சிற்பி செய்ததும் இதே வேலைதான். கூரையின் விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கை, வேய்ந்த கூரையின் ஓரம். அதில் வரிசையாக இருக்கும் குதிரைலாடம் போன்ற கூடுகள், வளைத்த கழிகளின் முனையில் அமையும் முகப்புத் திறப்புகள். பாறைக்குக் கைமரம் தேவையில்லை. அதன் கூரை தானே நிற்கும். தேவையில்லாத இடத்திலும் மரவேலையின் உறுப்புகளைக் கல்லில் விடாமல் காட்டியிருப்பது, அவன் கண் முன்னால் ஒரு மரக் கட்டடம் இருந்ததற்கான தடயம்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. இவை மாதிரிகள் அல்ல, வழிபாட்டுக்கென்றே தொடங்கிய கோயில்கள். தருமராஜ ரதத்தின் மேல்தளத்தில் சோமாஸ்கந்தர் இருக்கிறார், அத்யந்தகாம பல்லவேசுவரம் என்ற பெயரே அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. திரௌபதி ரதத்தில் கொற்றவை இருக்கிறாள் என்பார்கள். உண்மைதான். ஆனால் மாதிரி என்பதும் கோயில் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஐந்து விமானங்களில் நான்கு வகைக் கூரை வடிவங்களை, எந்த விமானமும் அப்படியே திரும்ப வராமல், ஒரே இடத்தில் தேர்ந்து நிறுத்தியிருப்பது வழிபாட்டுத் தேவையால் மட்டும் விளங்காது. தெய்வத்துக்கு வீடு வேண்டும் என்றால் ஒரே வகையில் ஐந்து எடுத்திருக்கலாம். அன்று வழக்கில் இருந்த கட்டட வகைகளைத் தொகுத்து அழியாத பொருளில் வைக்கும் எண்ணம் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

இரண்டாவது மறுப்பு அளவைப் பற்றியது. மூலக் கட்டடம் இல்லாதபோது இது சுருக்கப்பட்ட அளவு என்று எப்படிச் சொல்வது? பெண்ணாடத்து மாடமே 16 அடிதான் இருந்திருக்கலாமே? கேள்வி நியாயமானது, ஆனால் விடை அந்த ரதத்திலேயே இருக்கிறது. கீழ்த்தளத்துக் கருவறைக்குள் ஒருவர் நுழையலாம். மேலே கூரைக்கட்டு விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் குட்டி மாடங்களுக்குள் குழந்தைகூட நுழைய முடியாது. அவையும் முழுமையான கட்டடங்களாகவே, தூணும் கொடுங்கையும் கூரையுமாகவே செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆக ஒரே விமானத்துக்குள் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒரு கட்டடத்தைச் சுருக்கிக் காட்டும் கலை அந்தச் சிற்பிக்குக் கைவந்திருந்தது. அங்குலத்தாலும் தாலத்தாலும் விகிதமாக அளக்கும் சிற்ப மரபில் இது இயல்பு. அந்த மரபு ‘இத்தனை அடி’ என்று தொடங்குவதில்லை. அகலத்தில் இத்தனை பங்கு உயரம், உயரத்தில் இத்தனை பங்கு அதிட்டானம் என்னும் அடித்தளம் என்று தொடங்குகிறது. அப்படிக் கற்றவன் எந்த அளவுக்கும் இறங்குவான், ஏறுவான். பெண்ணாடத்து மாடம் எத்தனை அடி என்று நகுல சகாதேவ ரதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதன் விகிதங்களை உணர முடியும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிற்பி பார்த்ததைச் செதுக்கினான் என்று எப்படி நம்புவது, அவனே கற்பனை செய்திருக்கக் கூடாதா? இங்கே மராட்டியத்துக் கார்லே குடைவரையை அழைக்க வேண்டும். சற்றேறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பௌத்தச் சைத்தியமும் பின்பக்கம் வளைந்த மண்டபமே. அதன் கல் கூரையின் அடியில் நிஜ மர வளைவுக் கழிகளைப் பொருத்தினார்கள். அவை இன்றும் இருக்கின்றன. அதற்கும் முன்னால், பீகாரில் பராபர் குன்றின் லோமச ரிஷி குகை முகப்பில் வளைந்த கூரையும் அதைத் தாங்கும் கட்டைகளின் முனைகளும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பராபர், கார்லே, மாமல்லபுரம் மூன்றுக்கும் இடையே பல நூறு ஆண்டுகளும் பல நூறு மைல்களும். மூன்று இடங்களிலும் ஒரே வகை வளைவு, ஒரே வகைக் கூடு. தனித்தனியே கற்பனை செய்தவர்கள் இப்படி ஒத்துப்போக மாட்டார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே தச்சு மரபை.

அப்படியென்றால் இன்றைய பெண்ணாடம் கோயிலையே பார்த்தால் என்ன என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். விமானம் இன்றும் யானையின் பின்புறமாகவே வளைகிறது. கருவறைச் சுவரில் பலகணிகள் வைத்திருப்பதும் கவனிக்கத் தக்கது. மரம் போய்க் கல் வந்த பிறகும், வளைவுக்கான காரணமே மறைந்த பிறகும், ஊர் அந்த வடிவத்தைக் கைவிடவில்லை. திருத்தணி வீரட்டானேசுவரர், சென்னைப் பாடியிலுள்ள திருவலிதாயம் என்று பல கோயில்கள் அதே வடிவத்தைக் கல்லில் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் வழிபாட்டில் இருக்கும் கோயில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குடமுழுக்கிலும் சுதை பூசப்படுகிறது, வண்ணம் ஏறுகிறது, உடைந்த உருவம் அந்தக் காலத்துக் கையால் மீண்டும் உருவாகிறது. அது குறையல்ல, வாழும் கோயிலின் இயல்பு. வரலாற்றாசிரியருக்கு மட்டும் அது இடையூறு. மாமல்லபுரத்து மாடம் முழுதாக முடிக்கப்படாமல் கைவிடப்பட்டது. அதனாலேயே பல்லவர் காலத்து உளித்தடத்தோடு அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த மாதிரிகளின் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. தூங்கானை மாடத்தின் முகப்பு பஞ்சரம் என்ற பெயரில் பிற்கால விமானங்களின் அடுக்குகளில் ஓர் உறுப்பாகச் சேர்ந்தது. வண்டிக்கூடு வடிவம் சாலையாகவும் சதுர வடிவம் கர்ணகூடமாகவும் சேர்ந்தன. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் தளங்களை அண்ணாந்து பார்ப்பவர், சிறிய கட்டடங்கள் வரிசை வரிசையாக ஏறிப் பெரிய கட்டடம் ஆவதைக் காண்கிறார். மாதிரி மூலத்தைக் காப்பாற்றியதோடு நிற்காமல் புதிய மூலத்துக்கே செங்கல்லாயிற்று. தமிழ்க் கட்டடக்கலையில் இதைவிடப் பெரிய சிந்தனை நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெண்ணாடத்துக்கு அடுத்த நகரமான விருத்தாசலம் இன்று செராமிக் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பட்டறைகளில் பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, சுவர் தடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து, அச்சைப் பிரித்து, இணைப்புத் தடத்தைச் சுரண்டி மழித்து, சூளையில் சுட்டுப் பொம்மைகளும் அகல்விளக்குகளும் செய்கிறார்கள். மண் உலரும்போதும் சுடும்போதும் எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சைப் பெரிதாக எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அளவுமாதிரிக்கு வேண்டிய முதல் அறிவு அதுதான். இன்றைய திருத்தூங்கானை மாடத்தை முறையாக அளந்து, ஐம்பதில் ஒரு பங்கில், கூரையைத் தனியே கழற்றினால் உள்ளே மறைந்துபோன மரக்கூரையின் கைமரங்கள் விசிறியாக இறங்குவது தெரியும்படி ஒரு செராமிக் மாதிரி செய்வது இவர்களால் முடியும். தொல்லியல் படித்தவர்களும் தச்சர்களும் பட்டறைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். மாவட்டத்துப் பள்ளிகளுக்கு அது போக வேண்டும். இந்த வேலையை யாராவது தொடங்குங்கள்.