கடவுச்சொல்: நினைவில் நிற்பதும் ஊகிக்க முடியாததும்

கடவுச்சொல் என்பது கணினி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு முதலியவற்றுள் நுழைபவர் உரியவர்தாமா என்று உறுதிசெய்யப் பயன்படும் மறைசொல் ஆகும். அது உரியவருக்கு உடனே நினைவுக்கு வர வேண்டும். பிறருக்கு எட்டவே கூடாது. இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று மோதுவன. கடவுச்சொல்லின் வரலாறு பெரும்பாலும் இந்த மோதலின் வரலாறே.

கணினிக்கு முன்

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இது மறைப்பதற்கான சொல்.

நினைவில் இருத்துவதற்கான சொல் வேறு வகை. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண் உண்டு. கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்கள் இம்முறைப்படி அமைந்தவை. 'மேசகல்யாணி'யில் மே என்பது 5, ச என்பது 6. திருப்பிப் படித்தால் 65. அதுவே அந்த இராகத்தின் எண். கல்யாணி என்ற பழைய பெயரின் முன்னே 'மேச' ஒட்டிக்கொண்டது இந்தக் கணக்குக்காகவே. ஆனால் திறவுகோல் எல்லோருக்கும் தெரியும் என்பதால், இம்முறை நினைவுக்கு உதவுமே தவிர மறைவுக்கு உதவாது.

கணினியில் கடவுச்சொல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961இல் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பை இயக்கிக் காட்டினர். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க அதில் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. மறுஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளை அட்டை மூலம் கேட்டார். கணினியும் மறுபேச்சின்றி அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். 1966இல் இன்னொரு வேடிக்கை: வரவேற்புச் செய்திக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம்மாறி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் காட்டப்பட்டன.

அதன்பின் கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைக்காமல், திருப்ப முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் வழக்கம் வந்தது. அப்போதும் மனிதரின் தேர்வு பலவீனமாகவே இருந்தது. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் வெளியிட்ட கட்டுரைக்காகத் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குட்டையானவை அல்லது அகராதி, பெயர்ப் பட்டியல் போன்றவற்றில் கிடைப்பவை.

பெரிய எழுத்து, எண், குறியீடு மூன்றும் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதிகள் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டியால் உலகெங்கும் பரவின. 2017இல் அதே நிறுவனம் இவ்விதிகளைக் கைவிட்டது. அதை எழுதிய பில் பர் தாமே வருந்துவதாகக் கூறினார். அதற்குள் மக்கள் அந்த விதிகளுக்குப் பழகிவிட்டிருந்தனர்.

பழனி மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

அவ்விதிகள் ஏன் தோற்றன என்பதைக் கொடைக்கானலை வைத்தே காணலாம். ஏரி அமைந்தது 1863. சூரிய ஆய்வகம் 1899. குறிஞ்சி பூத்தது 2006, 2018. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்குள்ள ஒருவர் 'குறிஞ்சி@2018' என்பதை ஆங்கில எழுத்தில், முதலெழுத்தைப் பெரிதாக்கித் தட்டினால் சரியாக 12 இடங்கள் வரும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் பூவுக்குப் பொருத்தம்தான்! விதிகள் அனைத்தும் இதில் நிறைவேறுகின்றன. ஆயினும் 'பெயர், குறியீடு, ஆண்டு' என்ற வார்ப்பைத் திருடர்கள் நன்கு அறிவர். 1,000 பெயர்கள், 10 குறியீடுகள், 100 ஆண்டுகள் என்று கொண்டால் மொத்தம் 10 லட்சம் சேர்க்கைகளே. களவாடிய கோப்பைச் சோதிக்கும் கணினிக்கு இது ஒரு பொருட்டே அன்று. அதே சொல்லை ஓய்வூதியக் கணக்குக்கும் ஏதோ ஒரு கடையின் தளத்துக்கும் வைத்திருந்தால், கடையில் கசிந்தது வங்கியைத் திறந்துவிடும்.

இதற்கு மாற்றாக ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் 1995இல் பகடை முறையை முன்வைத்தார். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். இப்படி நான்கு சொற்கள் எடுத்தால் 36 கோடி கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். எட்டுச் சிற்றெழுத்துகளால் அமையும் கடவுச்சொற்களோ சுமார் 20,900 கோடிதான். 'பூண்டு ஏணி நூலகம் பனி' என்று விழுந்தால், பனியில் நனைந்த நூலகத்துக்கு ஏணி வைத்துப் பூண்டு மூட்டை ஏற்றும் காட்சியை மனத்தில் வரைந்துகொள்ளலாம், மறக்காது. இங்கே எழுதிவிட்டதால் இந்த நான்கும் இனி யாருக்கும் உதவா.

பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இம்முறையின் உயிர். மனம் தேர்ந்தால் ஏரி, முருகன், பஞ்சாமிர்தம், பூம்பாறை என்றே போகும். ஊர்ச்சொற்கள் 200 மட்டும் என்றால் நான்கு சொல்லுக்கு 160 கோடி சேர்க்கைகளே தேறும். திருக்குறளின் முதலெழுத்துகளை அடுக்குவதும் இதே குறையுடையது. 1,330 குறளும் எல்லோர் கையிலும் உள்ளன. கணினிகளின் வேகம் கூடியதால் 2014 முதல் ரெய்ன்ஹோல்ட் ஆறு சொற்களைப் பரிந்துரைக்கிறார். முதியோர் அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டிவைப்பது, எல்லாத் தளங்களுக்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட மேல்.

இந்தியாவில் பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்று அல்லது மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். இணையவழிப் பண மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.